ஒரே பெயரில் இரண்டு ஊர்

ராத்திரி பத்தே முக்காலுக்கு என் தங்கை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தாள்.

"அக்கா, பிரிண்ட் வரமாட்டேங்குது."

மறுநாள் காலை ஒன்பது மணிக்குள் அவள் விழுப்புரத்தில் தேர்வு மையத்துக்குள் இருக்க வேண்டும். அரசு வேலைக்கான தேர்வு. மூன்றாவது முறை எழுதுகிறாள். போன முறை சில மார்க்கில் போனது. அதனால் இந்த வருஷம் பார்த்துக்கொண்டிருந்த சின்ன வேலையையும் விட்டுவிட்டுப் படித்தாள். ஹால் டிக்கெட்டைக் காகிதத்தில் கொண்டுபோனால்தான் உள்ளே விடுவார்கள். மொபைலில் காட்டினால் வாசலோடு சரி. எங்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடை எப்போதோ மூடியாகிவிட்டது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விழுப்புரத்தில் இறங்கி ஏதாவது கடை திறந்திருக்கும் என்று நம்பிப் போக அவளுக்கும் தைரியமில்லை, எனக்கும் இல்லை.

"ஒரு வாரமா என்ன பண்ணிட்டிருந்த?" என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. வீட்டிலேயே பிரிண்டர் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் விட்டிருந்தாள். அந்தப் பிரிண்டரை வாங்கிவந்து, "இனிமே எவன் கடை வாசல்லயும் நிக்க வேண்டாம்" என்று பெருமையாகச் சொன்னவள் நான்.

லேப்டாப் திரையில் பிரிண்டரின் பெயர், பக்கத்தில் ஒரே ஒரு சொல்: ஆஃப்லைன்.

கேபிள் இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஒரு முனை சதுரமாக இருக்குமே, அந்த யூஎஸ்பி கேபிள். வீட்டுக்கு வெள்ளையடித்தபோது எங்கோ போனது, பிறகு யாரும் தேடவில்லை. வைஃபை இருக்கும்போது ஒயர் எதுக்கு?

அந்த ராத்திரி இரண்டு மணி நேரம் போனது. அதற்குப் பிறகு ஒரு மாதம், ஒரு பிரிண்டருக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் அப்படி என்னதான் இருக்கிறது என்று படித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நான் ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்துப் பார்த்த ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு வரலாறு இருந்தது. அந்த இரண்டையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

வாய் திறக்காத இயந்திரம்

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். பிரிண்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன். லேப்டாப்பையும். ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் ரௌட்டரையும். ஒவ்வொன்றும் எழுந்துவர இரண்டு நிமிஷம் ஆனது. எழுந்த பிறகும் அதே சொல்: ஆஃப்லைன்.

கோபம் வந்தது உண்மை. பிரிண்டர் வேலை செய்யாததைவிட அது காரணம் சொல்லாததுதான் எரிச்சலாக இருந்தது. பேப்பர் இல்லையா, சிக்னல் இல்லையா, முகவரி இல்லையா? ஒரு சொல்லுக்குப் பின்னால் எல்லாமே ஒளிந்துகொண்டிருந்தன.

இதே எரிச்சல் ஒருவருக்கு 1980 வாக்கில் வந்திருக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவுக் கூடத்தில் வேலை பார்த்த ரிச்சர்ட் ஸ்டால்மேன். அங்கே பலரும் பகிர்ந்துகொள்ளும் ஒரு பிரிண்டர் இருந்தது. அதில் அடிக்கடி பேப்பர் சிக்கும். சிக்கியது தெரியாமல் எல்லோரும் தங்கள் இடத்தில் காத்துக்கொண்டிருப்பார்கள். ஸ்டால்மேன் அதன் மென்பொருளில் ஒரு சின்ன மாற்றம் செய்தார்: பேப்பர் சிக்கினால், அச்சுக்குக் காத்திருப்பவர்களின் திரைக்குச் செய்தி போகும். யாராவது ஒருவர் எழுந்துபோய்ச் சரிசெய்வார். அவர் பேப்பர் சிக்காத இயந்திரம் கேட்கவில்லை. சிக்கினால் சொல்லும் இயந்திரம் போதும் என்றிருந்தார்.

பிறகு ஜெராக்ஸ் நிறுவனத்தின் புது லேசர் பிரிண்டர் வந்தது. வேகமானது, ஆனால் அதுவும் சிக்கியது. அதே மாற்றத்தைச் செய்யலாம் என்று பார்த்தால், அதன் மென்பொருளின் மூல வரிகள் கொடுக்கப்படவில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் அவை இருப்பதாகக் கேள்விப்பட்டு நேரில் போய்க் கேட்டார். "தரமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்" என்ற பொருளில் பதில் வந்தது. ஸ்டால்மேன் 1983 செப்டம்பரில் அறிவித்த குனு திட்டத்துக்கும், சுதந்திர மென்பொருள் இயக்கத்துக்கும் பின்னால் இருந்த காரணங்களில் ஒன்றாக அந்த மறுப்பை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

ஒரு பிரிண்டர் வாய் திறக்க மறுத்ததில் ஓர் இயக்கமே கிளம்பியிருக்கிறது. ஆனாலும் இத்தனை வருஷம் கழித்து, திண்டிவனத்தில் என் பிரிண்டர் "ஆஃப்லைன்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

பிரிண்டருக்காக ஒரு வலை

"வைஃபைல கனெக்ட் ஆயிருக்கானு பாரு" என்றேன். தங்கை பின் ரூமுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பிரிண்டரின் நீல விளக்கு மினுக்காமல் நிலையாக எரிகிறது. அப்படியென்றால் அது வைஃபையில் சேர்ந்திருக்கிறது. லேப்டாப்பும் சேர்ந்திருக்கிறது, யூடியூப் ஓடுகிறது. இரண்டும் ஒரே வைஃபை பெயரில். பிறகு ஏன் ஒன்றை ஒன்று தெரியவில்லை?

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நாம் என்ன நினைக்கிறோம்? முதலில் கணினி வலை வந்தது, பிறகு பாவம் பிரிண்டரையும் அதில் ஒட்டவைத்தார்கள், அதனால்தான் அது எப்போதும் தகராறு செய்கிறது என்று. நடந்தது வேறு.

கேரி ஸ்டார்க்வெதர் என்ற பொறியாளர் ஜெராக்ஸில் வேலை பார்த்தார். நகலெடுக்கும் இயந்திரத்துக்குள் ஒரு தாளை வைப்பதற்குப் பதிலாக, லேசர் ஒளியால் நேரடியாக எழுதினால் என்ன என்பது அவருடைய எண்ணம். மேலதிகாரிகளுக்குப் பிடிக்கவில்லை. 1971-ல் அவர் கலிஃபோர்னியாவில் பாலோ ஆல்டோவில் அப்போதுதான் தொடங்கியிருந்த ஜெராக்ஸ் ஆய்வு மையத்துக்கு மாற்றிக்கொண்டு போனார். அங்கே ஒரு நகல் இயந்திரத்தைப் பிரித்துமாற்றி, நொடிக்கு ஒரு பக்கம் அச்சடிக்கும் லேசர் பிரிண்டரை உருவாக்கினார்.

அதே மையத்தில் ஆல்டோ என்ற மேசைக் கணினியும் உருவாகிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மேசையிலும் ஒரு கணினி வைக்கலாம். ஒவ்வொரு மேசையிலும் ஒரு லேசர் பிரிண்டர் வைக்க முடியாது. ஆகவே எல்லாக் கணினிகளையும் அந்த ஒரே பிரிண்டரோடு சேர்க்க ஒரு வழி வேண்டும். அந்தப் பிரிண்டரின் வேகத்துக்குத் தீனி போடும் அளவுக்கு அது வேகமாகவும் இருக்க வேண்டும். அந்த வேலை ராபர்ட் மெட்காஃபிடம் வந்தது. 1973 மே 22-ம் தேதி அவர் எழுதிய குறிப்பில்தான் ஈதர்நெட் பிறந்தது. டேவிட் பாக்ஸுடன் சேர்ந்து அதைக் கட்டினார். இன்றைக்கு ரௌட்டருக்குப் பின்னால் செருகுகிறோமே அந்த லேன் ஒயர், அதன் மூதாதை அது. கூடத்தில் கணினிகள் இருந்ததால் மட்டும் வலை வரவில்லை. பகிர்ந்துகொள்ள வேண்டிய ஒரு பிரிண்டர் இருந்ததும் காரணம்.

மெட்காஃப் அதற்கான யோசனையைப் பிடித்தது ஹவாயிலிருந்து. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ரம்சனும் உடன் வேலை பார்த்தவர்களும் தீவுகளில் சிதறிக்கிடந்த வளாகங்களை வானொலி அலையில் மையக் கணினியோடு இணைத்தார்கள். அலோஹாநெட் என்று பெயர். 1971-ல் ஓடத் தொடங்கியது. எல்லோருக்கும் ஒரே அலைவரிசை. யார் எப்போது பேசலாம் என்று முறைவைக்க யாரும் கிடையாது. தோன்றும்போது அனுப்பு. "கிடைத்தது" என்று பதில் வந்தால் சரி. வரவில்லையா, இன்னொருவர் பேச்சோடு மோதிவிட்டது என்று பொருள்; கொஞ்ச நேரம் பொறு, மறுபடி அனுப்பு. எவ்வளவு நேரம் பொறுப்பது? அதைச் சீட்டுக் குலுக்கல் மாதிரி விட்டுவிட வேண்டும். இரண்டு பேரும் ஒரே அளவு பொறுத்தால் மறுபடியும் மோதிக்கொள்வார்கள் அல்லவா?

கேட்க ஒழுங்கில்லாத மாதிரி இருக்கிறது. கணக்குப் போட்டால், அலைவரிசையின் கொள்ளளவில் சுமார் 18 சதவீதத்துக்கு மேல் இந்த முறையில் பயன்படுத்த முடியாது. ஆனால் வேலை செய்தது. மெட்காஃப் அதைத் திருத்தினார்: பேசுவதற்கு முன் காதுகொடுத்துக் கேள், மோதினால் உடனே நிறுத்து. பின்னாளில் வைஃபை அதே குடும்பத்தின் வாரிசாக வந்தது. கேட்டுவிட்டுப் பேசு, எதேச்சையாகப் பொறுத்திரு, பதில் வரவில்லையென்றால் திரும்ப அனுப்பு. கல்யாண வீட்டு வரவேற்பறையில் நாம் பேசுவதும் கிட்டத்தட்ட இப்படித்தான்.

குப்பை அலைவரிசை

அடுத்த சந்தேகம் அலைமேல் விழுந்தது. ரௌட்டர் புதுசு. இணையச் சேவை நிறுவனத்திலிருந்து ஒரு பையன் வந்து பத்து நாள் முன்புதான் மாட்டிவிட்டுப் போனான். புது ரௌட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசையில் பேசும். எங்கள் பிரிண்டர் போன்ற மலிவான மாடல்கள் பலவற்றுக்கும் 2.4 மட்டும்தான் தெரியும். ரௌட்டரில் அது அணைந்திருந்தால் பிரிண்டருக்குக் காதே கேட்காது. ரௌட்டரின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அணையவில்லை.

இந்த 2.4-க்கு ஒரு கதை உண்டு. 1947-ல் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த பன்னாட்டு மாநாட்டில், பேச்சுக்குப் பயன்படுத்தாமல், தொழிற்சாலைக் கருவிகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் என்று சில அலைவரிசைகளை ஒதுக்கினார்கள். மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வதும் அந்தப் பக்கம்தான். இரைச்சல் அதிகம் என்பதால் தகவல் அனுப்ப யாரும் விரும்பாத புறம்போக்கு நிலம். 1985 மே மாதம் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் அந்தப் புறம்போக்கில் உரிமம் இல்லாமலேயே யாரும் பேசலாம் என்று திறந்துவிட்டது. அதற்கு உள்ளேயிருந்து பாடுபட்டவர் மைக்கேல் மார்கஸ் என்ற பொறியாளர்.

திறந்த நிலத்தில் முதலில் குடியேற வந்தவர்களில் கல்லாப்பெட்டி இயந்திரம் செய்யும் என்.சி.ஆர். நிறுவனமும் ஒன்று. கடைகளில் கல்லாவை இடம் மாற்றும்போதெல்லாம் ஒயர் இழுக்க வேண்டாமே என்பது அவர்கள் கவலை. அதன் நெதர்லாந்துப் பிரிவிலிருந்து வந்த விக் ஹேஸ், பல நிறுவனங்களும் ஒத்துக்கொள்ளும் ஒரு பொதுத் தரத்துக்கான குழுவை 1990-லிருந்து தலைமையேற்று நடத்தினார். ஏழு வருஷப் பேச்சுக்குப் பிறகு 1997-ல் 802.11 தரம் வெளியானது. வேகம் நொடிக்கு அதிகபட்சம் 2 மெகாபிட். வைஃபை என்ற பெயர் 1999-ல்தான் வந்தது, ஒரு பெயர் சூட்டும் நிறுவனத்துக்குக் காசு கொடுத்து வைக்கப்பட்டது. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸில் குறைந்த திறன் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்று விதி வந்தது 2005 ஜனவரியில்.

பிரிண்டர் என்று ஆரம்பித்து எங்கேயோ போகிறாளே என்று தோன்றலாம். வந்துவிட்டேன். இந்த அடுக்குகள் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக்குணம் உண்டு. ஒவ்வொன்றையும் செய்தவர்கள் "இனிமே நீங்க இதைப் பத்திக் கவலைப்பட வேண்டாம்" என்று நமக்காக ஒரு கவலையை மூடிவைத்தார்கள். உரிமம் வேண்டாம். ஒயர் வேண்டாம். முறைவைக்க ஆள் வேண்டாம். மூடிவைத்தது நல்லதுக்குத்தான். ஆனால் கோளாறு வரும்போது, எந்த மூடியைத் திறப்பது என்று நமக்குத் தெரியாமல் போகிறது.

பிரிண்டர் தன்னைப் பற்றி அடித்த பக்கம்

பதினொன்றே முக்கால். தங்கை படுக்கையில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். "பரவால்லக்கா, காலைல அங்க போய்ப் பாத்துக்கறேன்" என்றாள். அவள் குரலில் பரவாயில்லை என்பதே இல்லை.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. பிரிண்டரிலேயே ஒரு பொத்தான் உண்டு. சில நொடி அழுத்திப் பிடித்தால் தன் வலை விவரங்களைத் தானே அச்சடித்துக் கொடுக்கும். அழுத்தினேன். உர்ரென்று இழுத்து, ஒரு பக்கத்தை நீட்டியது. ஹால் டிக்கெட்டை அடிக்க மறுத்த இயந்திரம் தன் ஜாதகத்தை மட்டும் தெளிவாக அடித்துக் கொடுத்தது. ஸ்டால்மேன் கேட்டது இவ்வளவுதான்.

அதில் இருந்தது: வைஃபை பெயர், எங்கள் வீட்டுப் பெயர்தான். நிலை: இணைந்துள்ளது. ஐபி முகவரி: 192.168.1.5.

லேப்டாப்பின் முகவரியைப் பார்த்தேன். 192.168.0.4.

மூன்றாவது எண்ணைப் பாருங்கள். ஒன்றில் 1, இன்னொன்றில் 0. சாதாரணமாக ஒரு வீட்டு ரௌட்டர் தன்னிடம் வரும் எல்லாக் கருவிகளுக்கும் முதல் மூன்று எண்ணை ஒன்றாகத்தான் கொடுக்கும். பின்கோடு மாதிரி. கடைசி எண் மட்டும் வீட்டு எண் மாதிரி மாறும். பின்கோடே வேறாக இருந்தால் இரண்டும் ஒரே ஊரில் இல்லை.

இந்த எண்ணை யார் கொடுக்கிறார்கள்? ஒரு காலத்தில் ஆள் உட்கார்ந்து ஒவ்வொரு கணினிக்கும் கையால் எழுதிக் கொடுத்தார்கள். நோட்டில் பதிவு வைத்துக்கொள்வார்கள். ஒரே எண்ணை இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டால் தகராறு. 1993-ல் பக்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரால்ஃப் ட்ராம்ஸ் பெயரில் ஒரு விதிமுறை வந்தது. டி.எச்.சி.பி. என்று சுருக்கம். புதிதாக வரும் கருவி "எனக்கு முகவரி தர யாராவது இருக்கீங்களா?" என்று கூவும். பொறுப்பில் இருக்கும் இயந்திரம் ஒரு முகவரியைக் குத்தகைக்குக் கொடுக்கும். கவனியுங்கள், குத்தகைதான், கிரயம் இல்லை. நாள் முடிந்தால் புதுப்பிக்க வேண்டும், மாறியும் போகலாம். 192.168 என்று தொடங்கும் எண்களை யார் வேண்டுமானாலும் வீட்டுக்குள் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று 1994-ல் தனியாக ஒதுக்கிவைத்தார்கள். அதனால்தான் உங்கள் வீட்டிலும் என் வீட்டிலும் ஒரே எண்கள் இருக்கின்றன.

ஆக, என் பிரிண்டருக்கு யாரோ முகவரி கொடுத்திருக்கிறார்கள். அது ஹாலில் இருக்கும் ரௌட்டர் இல்லை. பிறகு யார்?

பின் ரூம்

அப்பா தூக்கம் கலைந்து வந்து நின்றார். "என்னம்மா, இன்னும் தூங்கலையா?" விஷயத்தைச் சொன்னேன். "நான்தான் பத்து நாளா சொல்றேனே, பின் ரூம்ல நெட்டே வரலைன்னு" என்றார்.

சொல்லிக்கொண்டுதான் இருந்தார். "புது ரௌட்டர் ஹால்ல இருக்குப்பா, அவ்ளோ தூரம் சிக்னல் வராது" என்று நாங்கள் கடந்துபோனோம். "சிக்னல் ஃபுல்லா காட்டுதும்மா, நெட்தான் வரலை" என்று அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

பின் ரூமுக்குப் போனேன். பிரிண்டர் வைத்திருக்கும் மேசைக்குக் கீழே, பழைய துணிமூட்டைக்குப் பக்கத்தில், பழைய ரௌட்டர். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இதை ஏம்பா கழட்டல?"

"லைட் எரியுதே, எதுக்கோ வேணும்போலன்னு விட்டுட்டேன்."

அவர்மேல் தப்பில்லை. தப்பு என்னுடையது. புதுசை மாட்ட வந்த பையன், "வைஃபைக்கு என்ன பேர் வைக்கட்டும்க்கா?" என்று கேட்டான். பழைய பெயர், பழைய பாஸ்வேர்டு ரெண்டையும் அப்படியே வைக்கச் சொன்னேன். டிவி, மொபைல், பிரிண்டர் எதையும் மாற்ற வேண்டாமே என்ற புத்திசாலித்தனம். இணைய இணைப்பு ஹாலுக்கு மாறிவிட்டது. பழைய ரௌட்டர் இணையம் இல்லாமல், ஆனால் அதே பெயரைச் சொல்லிக்கொண்டு, பின் ரூமில் தனியாக ஒரு வலையை நடத்திக்கொண்டிருந்தது. வைஃபைத் தரத்தில் பெயர் ஒன்றாக இருந்தால் ஒரே வலை என்றுதான் கருவிகள் எடுத்துக்கொள்ளும். பெரிய கட்டடத்தில் நடந்துபோகும்போது ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குச் சத்தமில்லாமல் மாறுவதற்காகச் செய்த வசதி அது. பிரிண்டர் பக்கத்தில் எது பலமாகக் கேட்டதோ அதில் சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு முறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணியபோதும் ஒழுங்காக அதனிடமே திரும்பிப் போயிருக்கிறது.

நம் மாவட்டங்களில் எத்தனை புதூர், எத்தனை நல்லூர். பெயரை மட்டும் நம்பி பஸ் ஏறினால் வேறு புதூரில் இறங்கி நிற்போம். பிரிண்டர் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தது. அது பொய் சொல்லவில்லை. அதன் ஊரில் அது ஆன்லைனில்தான் இருந்தது. "ஆஃப்லைன்" என்பது பிரிண்டரின் நிலை இல்லை, எனக்கும் அதற்கும் நடுவில் இருந்த வழியின் நிலை. இது புரியாமல் ஒரு மணி நேரம் பிரிண்டரையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

பழைய ரௌட்டரைப் பிடுங்கினேன். பிரிண்டரின் நீல விளக்கு மினுக்க ஆரம்பித்தது. ஒரு நிமிஷம். நின்றது. மறுபடி ஜாதகம் அடித்தேன். 192.168.0.9. ஒரே ஊர்.

கூப்பிட்டால் குரல் கொடு

லேப்டாப்பில் இன்னமும் ஆஃப்லைன்.

தங்கை அழ ஆரம்பித்துவிட்டாள். பன்னிரண்டே கால்.

இந்த முறை எனக்குப் பதற்றம் இல்லை. எந்த மூடி மிச்சமிருக்கிறது என்று தெரிந்துவிட்டது. லேப்டாப்பின் அமைப்பில் பார்த்தேன். பிரிண்டரை முதன்முதலில் சேர்த்தபோது எழுதிவைத்த முகவரி அப்படியே இருந்தது: 192.168.1.5. வீடு மாறிய பிறகும் பழைய விலாசத்துக்கே தபால் போட்டுக்கொண்டிருந்தது. வரிசையில் ஹால் டிக்கெட் ஏழு பிரதி காத்திருந்தது. பயத்தில் ஏழு முறை அமுக்கியிருக்கிறாள். எல்லாவற்றையும் நீக்கினேன், பிரிண்டரையும் நீக்கினேன். "புதிதாகச் சேர்" என்பதை அமுக்கினேன்.

பத்து நொடியில் பிரிண்டரின் பெயர் திரையில் வந்தது. நான் எந்த எண்ணும் தட்டவில்லை.

இதற்குப் பின்னாலும் ஒரு பிரிண்டர் கதை உண்டு. 1985-ல் ஆப்பிள் தன் லேசர்ரைட்டரை 6,995 டாலருக்கு விற்றது. ஆளுக்கு ஒன்று வாங்கும் விலையா அது? ஆகவே பல கணினிகள் அதைப் பகிர்ந்துகொள்ள ஆப்பிள்டாக் என்ற வலை. ஒயரைச் செருகினால் போதும், பிரிண்டரின் பெயர் பட்டியலில் வந்துவிடும். பிறகு உலகமே இணைய விதிமுறைக்கு மாறியது. அது உலகம் முழுவதையும் இணைத்தது, ஆனால் பக்கத்து மேசைப் பிரிண்டரைக் கண்டுபிடிக்க எண் தட்ட வேண்டியதாயிற்று. இந்த இழப்பைப் பிடித்துக்கொண்டு பேசியவர் ஸ்டூவர்ட் செஷயர். 1990-களின் இறுதியில் அவர் போன்றவர்களின் முயற்சியில் ஜீரோகான்ஃப் என்ற பணிக்குழு உருவானது. அமைப்பு வேலை பூஜ்யம் என்பதே பெயரின் பொருள். 2002-ல் ஆப்பிள் கணினிகளில் அது வந்தது, பின்னால் போன்ஜூர் என்று பெயர் மாறியது. பொதுத் தரமாக 2013-ல் வெளியானது.

முறை எளிது. 224.0.0.251 என்ற ஒரு பொது முகவரி. கணினி அதில் "இங்க பிரிண்டர் யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்கும். இருக்கும் பிரிண்டர் தன் பெயரையும் முகவரியையும் சொல்லும். முகவரி நாளைக்கு மாறினாலும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் குரல் கொடுக்கும். ஒரே நிபந்தனை, அந்தக் கூவல் வாசல் தாண்டாது. ஒரே வலைக்குள் இருப்பவர்களுக்குத்தான் கேட்கும். முன்பு லேப்டாப் ஹால் வலையில் கூவியது, பின் ரூம் வலையில் இருந்த பிரிண்டருக்குக் கேட்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

பன்னிரண்டு இருபத்தைந்துக்கு ஹால் டிக்கெட் வந்தது. தங்கையின் புகைப்படம் கொஞ்சம் கறுப்பாக இருந்தது, மை தீரப்போகிறது. பத்திரத்துக்கு இன்னொரு பிரதி எடுத்தோம். படுக்கும் முன் ரௌட்டர் அமைப்பில் 192.168.0.9-ஐப் பிரிண்டருக்கென்றே நிரந்தரமாக ஒதுக்கிவைத்தேன். உங்கள் வீட்டுப் பிரிண்டர் அடிக்கடி தொலைந்துபோனால் நீங்களும் இதைச் செய்யலாம், ஐந்து நிமிஷ வேலை.

அந்த ராத்திரியில் உடைந்த பொருள் ஒன்றுகூட இல்லை. பிரிண்டர், இரண்டு ரௌட்டர், லேப்டாப் எல்லாம் தனக்குச் சொல்லிக்கொடுத்ததைச் சரியாகச் செய்தன. ஐம்பது வருஷமாக வேறு வேறு ஊர்களில் வேறு வேறு ஆட்கள் நமக்குத் தொல்லை இருக்கக்கூடாது என்று மூடிவைத்த மூடிகளுக்கு நடுவில் ஒரு பெண்ணின் ஒரு வருஷம் மாட்டிக்கொண்டிருந்தது. உள்ளே நடப்பதில் ஒரு பாதியை எங்களுக்குப் பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் அப்பா. சிக்னல் இருக்கிறது, நெட் இல்லை. பொறியாளர் எழுதும் குறிப்பு மாதிரி துல்லியமான வாக்கியம். அவருக்கு இதெல்லாம் தெரியாது என்று நாங்களே முடிவு பண்ணிவிட்டோம்.

காலை ஆறரை பஸ்ஸுக்கு அவளை ஏற்றிவிட்டு வந்தோம். அப்பா நேராகப் பின் ரூமுக்குப் போய், பழைய ரௌட்டரின் ஒயரைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு அலமாரியில் வைத்தார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து மொபைலை எடுத்தார்.

"இப்ப வருதும்மா" என்றார்.